அஸ்பெஸ்டஸைக் கழற்றித் தகடு போடுவது: மேட்டு முனை வீட்டுக்கு எந்தக் கூரை?
(ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மேல்பிரிவு
பொகவந்தலாவைப் பக்கம், 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு. நீளம் 24 அடி, அகலம் 23 அடி, 6 அங்குல புளொக் கல் சுவர். நிற்பது மேட்டு முனையில். தென்மேற்கே தேயிலை மட்டும்தான், காற்றுக்கு மறைப்பே இல்லை. இப்போது இருப்பது அஸ்பெஸ்டஸ் சீட், இரண்டு பக்கச் சரிவு. கைமரம் (முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்ந்து இறங்கும் மரம்) 3 அடிக்கு ஒன்று, சிலாகை (அதன் மேல் குறுக்கே ஓடி சீட்டைத் தாங்கும் மரம்) 4 அடிக்கு ஒன்று. இதைக் கழற்றிவிட்டுக் கலர் தகடு போட யோசனை. ஹார்ட்வெயாரில் 0.35, 0.40, 0.47 மி.மீ. என்று மூன்று தடிப்பு காட்டுகிறார்கள். பழைய சிலாகை மேலேயே போட்டுவிடலாம் என்கிறார் கூரை வேலை செய்யும் பாஸ். டித்வா புயல் அடித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் கூரையைப் பற்றித்தான் பேச்சு. எதை வாங்கலாம்?

முகட்டுவளை
தம்பி, தடிப்பைப் பிறகு பார்ப்போம். "பழைய சிலாகை மேலேயே" என்கிற பேச்சைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். 0.47 தகடு 4, 4½ கிலோதான். உங்கள் கூரைப் பரப்பு தாழ்வாரத்தோடு சேர்த்து 67 சதுர மீட்டர் வரும். அஸ்பெஸ்டஸை இறக்கியதும் சுவர் மேலிருந்து 700 கிலோ போய்விடும். இத்தனை காலம் கைமரத்தைச் சுவரில் அழுத்தி வைத்திருந்ததில் அந்தப் பாரத்துக்கும் பங்கு உண்டு. தகடு போட்ட பிறகு ஆணியும் கம்பியும்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆணி எத்தனை, கம்பி எங்கே என்று பார்க்காமல் தகட்டை மட்டும் மாற்றினால், பழைய கூரையைவிடப் பலவீனமான கூரைக்குப் புதுப் பணம் கொடுத்ததாகும்.

அடுத்தது இடைவெளி. 4 அடி என்பது அஸ்பெஸ்டஸ் தடிப்புக்கான கணக்கு. மெல்லிய தகட்டை 4 அடிக்கு விரித்தால் ஒவ்வொரு ஆணிக்கும் வரும் இழுவை கூடும், நடுவில் தகடு அடித்து அடித்து ஆடும். உங்கள் சரிவு நீளம் 14 அடி என்று வையுங்கள். தாழ்வாரப் பக்கம் முதல் இடைவெளி 2 அடி, முகட்டுப் பக்கம் கடைசி இடைவெளி 2 அடி, நடுவில் இரண்டரை அடிக்குள். ஒரு பக்கத்துக்கு 7 வரி வரும். இரண்டு பக்கமும் 14 வரி, வரிக்கு 26 அடி, ஆக 364 அடி சிலாகை.

ஊவாக்காற்று
ஒரு திருத்தம். டித்வா மலையில் செய்த சேதத்தில் பெரும்பங்கு மழையும் மண்சரிவும். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் கூரையைப் பிய்ப்பது பெரும்பாலும் ஜூன், ஜூலைத் தென்மேற்குக் காற்று. அதே காற்று ஹப்புத்தளைக் கணவாய் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது மழையை விட்டுவிட்டுக் கச்சான் காற்றாக வரும். காய்ந்த காற்றுதானே என்று நினைக்கக் கூடாது, விட்டு விட்டு வீசுகிற அந்த அடி தகட்டுக்குக் கெடுதல். புயல் எப்போதாவது வரும், பருவக்காற்று வருடா வருடம் வரும். கூரையை இரண்டுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

கம்பிக்கணக்கு
கணக்கில் பார்ப்போம். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்குப் பிறகு வந்த வழிகாட்டி இலங்கையை மூன்று காற்று வலயமாகப் பிரித்தது. சாதாரணக் கட்டடங்களுக்குக் கிழக்குக் கரையில் வினாடிக்கு 49 மீட்டர், அதற்கு உள்ளே 43, மூன்றாம் வலயத்தில் 33.5. மலையகத்தில் பெரும்பகுதி மூன்றாம் வலயம். அதனால் "நமக்குக் காற்று குறைவு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மேட்டு முனையிலும் திறந்த சரிவிலும் காற்று நெருங்கி வேகம் எடுக்கும். 10 வீதம் கூட்டினால் 36.9 மீட்டர். அழுத்தம் 0.613 × வேகத்தின் வர்க்கம், அதாவது சதுர மீட்டருக்கு 830 நியூட்டன் சொச்சம். 85 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை நடுவில் மேல்நோக்கிய இழுவை ஏறத்தாழ இந்த 85 கிலோ. விளிம்பிலும் மூலையிலும் முகட்டோரத்திலும் அதைப் போல இரண்டு மடங்கு, 170 கிலோ. தகட்டின் எடை 4½ கிலோ. வித்தியாசம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

கூரை முழுவதும் சராசரி 85 என்று எடுத்தால் 67 சதுர மீட்டருக்கு 5.7 தொன். 3 அடிக்கு ஒரு கைமரம் என்றால் 9 சோடி, சுவரில் 18 மூட்டு. ஒரு மூட்டுக்கு 300 கிலோவுக்கு மேல். அந்த மூட்டில் இப்போது என்ன இருக்கிறது? அநேகமாகச் சாய்த்து அடித்த இரண்டு 4 அங்குல ஆணி. கதவோ தென்மேற்கு ஜன்னலோ காற்றில் திறந்துகொண்டால் உள்ளிருந்தும் தள்ளும், அப்போது இந்தக் கணக்கும் போதாது. ஜன்னல் கொண்டி சின்னச் சாமான் என்று அலட்சியம் வேண்டாம், அதுவும் கூரையின் பாகம்தான்.

மேல்பிரிவு
அண்ணே, சுவர் மேல் கொங்கிரீட் பெல்ட் இல்லை. லிண்டல் மட்டும் இருக்கு. சுவர் வளையை (சுவர் உச்சியில் கிடக்கும் மரத்தை) சில இடங்களில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கம்பிக்கணக்கு
அந்தக் கம்பி சுவருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மேல் வரிக் கல்லுக்குள் மட்டும் நட்டிருந்தால் காற்று கம்பியோடு அந்த ஒரு கல்லையும் தூக்கிக்கொண்டு போகும். கெட்டியான 6 அங்குல புளொக் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. 3 அடிக்கு ஒரு கம்பி 300 கிலோவைப் பிடிக்க வேண்டுமானால், அந்த 3 அடி அகலத்தில் குறைந்தது 1.1 மீட்டர் உயரச் சுவரைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பாதுகாப்புக்கு 5 அடி. அதாவது கம்பி லிண்டலுக்கும் கீழே போக வேண்டும். ஓட்டைக் கல் என்றால் எடை இன்னும் குறைவு, ஆழம் இன்னும் கூடும்.

நல்ல வழி, கூரை திறந்திருக்கும்போதே மேல் பெல்ட் ஒன்று போடுவது. 6 அங்குலம் × 8 அங்குலம், 10 மி.மீ. கம்பி 4, 6 மி.மீ. வளையம் 6 அங்குலத்துக்கு ஒன்று. கைமரம் வரும் இடங்களில் பெல்ட்டுக்குள் கொக்கி போட்ட 12 மி.மீ. திருகுக் கம்பியை நட்டு, சுவர் வளையை 2 அங்குலச் சதுரத் தட்டு வொஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். பெல்ட்டின் சொந்த எடை 3 அடிக்கு 65 கிலோதான் வரும். ஆகவே நான்கு மூலையிலும் கதவு ஜன்னல் ஓரங்களிலும் 12 மி.மீ. நிமிர் கம்பியால் பெல்ட்டை லிண்டலோடு கட்ட வேண்டும். முடிந்தால் அத்திவாரம் வரை.

சுவர் வளைக்கும் கைமரத்துக்கும் நடுவில் 30 மி.மீ. அகல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டி. கைமரத்தின் மேலாகச் சுற்றி இரண்டு பக்கமும் வளையில் இறக்கி, பக்கத்துக்கு 4 ஆணி. பட்டியைத் தளர்வாக விட்டால் முதல் அடியில் ஆணி பிடுங்கும், அதன் பிறகு பட்டி இருந்தும் ஒன்றுதான்.

மஸ்கெலியா மேசன்
சிலாகைக்கும் கைமரத்துக்கும் நடுவில் இருப்பதை யாரும் சொல்லவில்லையே. தகடு சிலாகையோடு ஒட்டியபடியே பறந்து கிடக்கும் கூரைகளைப் பாருங்கள். ஸ்குரூ எல்லாம் அப்படியே இருக்கும். விட்டது சிலாகையைக் கைமரத்தில் பிடித்த ஒற்றை ஆணி. மேல்நோக்கி இழுத்தால் வழவழப்பான ஆணி நேராக உருவிக்கொண்டு வரும். சிலாகை கைமரத்தைக் குறுக்கே கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் 14 நம்பர் நீள ஸ்குரூ ஒன்றும், தாழ்வார வரி, முகட்டு வரி, இரண்டு கடைசிக் கைமரம் ஆகியவற்றில் பட்டியும் போட வேண்டும்.

மரம் பற்றியும் சொல்கிறேன். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் சவுக்கு (கிரவில்லியா) மரத்தை அறுத்துச் சிலாகை போடுவது மலிவு. ஈர மரத்தில் போட்ட ஸ்குரூ மரம் காயும்போது தளரும், பூச்சியும் விழும். சவுக்குதான் கிடைக்கும் என்றால் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து 3 × 2 அங்குலம் போடுங்கள், 2 × 1 வேண்டாம். செப்பு உப்பு மருந்து ஏற்றிய மரம் அலுமினியம், துத்தநாகப் பூச்சுத் தகட்டை நேரே தொடக் கூடாது, பூச்சை அரிக்கும். நடுவில் டிபிசி (ஈரத்தடுப்பு) பொலித்தீன் பட்டி ஒன்று போதும். மரச் சிலாகைக்குப் பதில் இரும்புப் பொக்ஸ் பார் போடுபவர்கள் 1.2 மி.மீ. வாங்காதீர்கள். ஸ்குரூவின் மரை பிடிக்க அதில் இரும்பே இல்லை. குறைந்தது 1.5, கிடைத்தால் 2.

சின்னக்கணக்கு
0.47 தேவையில்லை என்பது என் கருத்து. சிலாகையை 2 அடிக்கு நெருக்கிவிட்டு 0.40 போட்டால் மிச்சக் காசில் பெல்ட் போடலாம்.

முகட்டுவளை
நெருக்கினால் வளைவு குறையும், சரி. ஆனால் ஆணித் தலையைச் சுற்றித் தகடு கிழிவது தடிப்பைப் பொறுத்தது. 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டார்வினை ட்ரேசி புயல் அடித்தபோது இதுதான் நடந்தது. தகடு ஒரே இழுவையில் கிழியவில்லை. காற்று விட்டு விட்டு இழுக்க, ஸ்குரூவைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் வந்து, அவை கூடி, தலை தகட்டுக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டது. ஒரு தடவை பாரம் ஏற்றிப் பார்த்துத் தேறிய தகடு ஆயிரக்கணக்கான சின்ன அடியில் தோற்றது. அதற்குப் பிறகுதான் அங்கே திரும்பத் திரும்ப இழுக்கும் சோதனையும், ஸ்குரூத் தலைக்குக் கீழே அகலத் தட்டு வொஷரும் வந்தன.

ஆகவே மேட்டு முனைக்கு 0.47 என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த 0.47 பூச்சோடு சேர்த்த அளவா, வெறும் இரும்பின் அளவா என்று கேளுங்கள். பூச்சோடு 0.47 என்றால் இரும்பு 0.42 அளவில் இருக்கும். பூச்சுக்கு ஏ-இசட் (அலுமினிய-துத்தநாகக் கலவை) 150 என்று எழுதியிருக்க வேண்டும், சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம். 70 என்றால் பாதிகூட இல்லை. அதற்கு மேல் எந்தக் கலரும் அழகாகத்தான் இருக்கும். கடையில் எல்லாவற்றையும் அமானோ சீட் என்றே சொல்லுவார்கள். பெயரை விட்டுவிட்டு, தகட்டின் அடிப்பக்கம் அச்சடித்திருக்கும் வரியைப் படியுங்கள். ஒன்றும் அச்சடிக்காத தகடு என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

வடிவம்: பெட்டி மடிப்பு. ஓடு மாதிரி அச்சடித்த தகடு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் படிக்குப் படி சிலாகை வேண்டும், மேட்டு முனைக்கு ஸ்குரூவும் இரட்டிப்பாகும்.

லயம் நம்பர் 6
இங்கே எல்லாருமே தனி வீட்டைப் பற்றித்தான் பேசுறீங்க. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரு காம்பிராவுக்கு மட்டும் தகடு மாற்றுவது எப்படி? பக்கத்து வீடுகளுக்கு இன்னும் பழைய தகரம். எல்லார் கூரையிலும் மணல் மூட்டையும் கல்லும் டயரும் வைத்திருக்கு.

கம்பிக்கணக்கு
மூட்டையிலிருந்து தொடங்குகிறேன். 25 கிலோ மூட்டை ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று வைத்தாலும் 85 கிலோ இழுவைக்குப் போதாது, ஓரத்தில் 170க்குக் கேட்கவே வேண்டாம். மூட்டைக்குக் கீழே ஈரம் காயாமல் நின்று தகரம் முதலில் அங்கேதான் துருப்பிடிக்கும். கல் அதைவிட மோசம், தகரம் எழும்பினால் கல் பக்கத்து வாசலில் விழும். இன்றைக்கு வேறு வழி இல்லை என்றால் மூட்டையை வரியாகச் சிலாகைக்கு நேர் மேலே, தாழ்வாரத்திலும் முகட்டோரத்திலும் மட்டும் வையுங்கள், இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்து முகட்டின் இரு பக்கமும் தொங்கவிடுங்கள். அதோடு குடை ஆணி தளர்ந்த இடங்களில் அந்த ஓட்டையிலேயே திரும்ப அடிக்காமல், பக்கத்து மடிப்பில் ஸ்குரூ போடுங்கள்.

ஒரு காம்பிரா மட்டும் மாற்றும்போது இரண்டு சிக்கல். பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பிராத் தகரம் பறந்தால் காற்று அந்த இடைவெளியால் உங்கள் புதுத் தகட்டுக்குக் கீழே வரும். நடுச்சுவரை முகடு வரை ஏற்றி மூடுங்கள், அடுப்புப் புகைக்கும் அது நல்லது. இரண்டாவது, பழைய நெளித் தகரமும் புதுப் பெட்டி மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாது. மூட்டில் ஒழுகும், காற்றும் நுழையும். உங்கள் பக்கமும் நெளித் தகடாகவே வாங்கி, ஒன்றரை நெளி மேலே ஏற்றுங்கள். மேற்பக்கத் தகட்டின் ஓரம் காற்று வரும் திசையைப் பார்க்கக் கூடாது. தென்மேற்குக் காற்று என்றால் வடகிழக்கு ஓரத்திலிருந்து தகடு போடத் தொடங்கித் தென்மேற்குப் பக்கம் நகருங்கள். கூரை தோட்டத்துக்குச் சொந்தம் என்றால் கழற்றுவதற்கு முன் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மேல்பிரிவு
ஸ்குரூ எத்தனை வாங்க? கடையில் 300 போதும் என்றார்கள்.

மஸ்கெலியா மேசன்
மூடும் அகலம் 1 மீட்டர், மீட்டருக்கு 5 மடிப்பு என்று எடுத்தால் உங்களுக்கு 14 அடித் தகடு பக்கத்துக்கு 8, மொத்தம் 16. மூடும் அகலம் குறைந்த வகை என்றால் தகடு கூடும், கேட்டு வாங்குங்கள். கீழ் 2 வரி, மேல் 2 வரி எல்லா மடிப்பிலும் ஸ்குரூ, வரிக்கு 41. நடு 3 வரியில் ஒன்றுவிட்டு ஒன்று, ஆனால் இரண்டு ஓரங்களிலும் 4 அடிக்கு எல்லா மடிப்பிலும், வரிக்கு 28. ஒரு பக்கம் 248, இரண்டு பக்கம் 496. முகட்டுத் தகட்டுக்கு 82. இரண்டு பக்க ஓரத் தகட்டுக்கும் அடிக்கு ஒன்று வீதம் 56. ஆக 634. கீழே விழுவதும் கோணலாய்ப் போவதும் சேர்த்து 700 வாங்குங்கள். 300 என்பது நடுவில் மட்டும் கணக்குப் போட்டது, ஓரத்தை மறந்துவிட்டார்கள். ஓரத்திலிருந்துதான் உரியத் தொடங்கும்.

மரச் சிலாகைக்குக் கூர் முனை மர ஸ்குரூ, 12 அல்லது 14 நம்பர், 65 மி.மீ. மடிப்பின் உச்சியில் போட்டால் 28 மி.மீ. உயரம் போக மரத்துக்குள் 35க்கு மேல் இறங்கும். இரும்புச் சிலாகைக்குத் துளைக்கும் முனை. ஈபிடிஎம் (ரப்பர்) வொஷர் இல்லாத ஸ்குரூ வேண்டாம். வொஷர் தட்டின் ஓரத்துக்குச் சற்று வெளியே தெரியும்வரை இறுக்கினால் போதும். பிதுங்கி ஓடும்வரை இறுக்கினால் மடிப்பு அமுங்கும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். இம்பெக்ட் டிரில்லால் அடிப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சாதாரண ஸ்குரூ டிரில்லில் பிடி அளவை (கிளச்) வைத்துப் போடுங்கள்.

தகட்டைக் கிரைண்டரில் வெட்டாதீர்கள். பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு எரியும், மறு மழையில் செம்புள்ளி தெரியும். தகரக் கத்தரி அல்லது நிப்ளர். பென்சிலாலும் குறிக்காதீர்கள், கரி பட்ட கோட்டில் அரிக்கும், மார்க்கர் போதும். சுண்ணாம்பு, சீமெந்துச் சாந்து தகட்டில் ஒட்ட விடக் கூடாது.

அஸ்பெஸ்டஸை இறக்கும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்குங்கள். உடைத்து இறக்குவதும் தும்புத்தடியால் கூட்டுவதும் ஆகாது. நல்ல முகமூடி வேண்டும், துணி கட்டினால் தூசு நிற்காது. உடைந்ததைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள். வழிப்பாதைக் குழிக்குள் கொட்டி மிதிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்யவே கூடாது. பிள்ளைகள் நடக்கிற பாதை.

லிந்துலைக் குளிர்
அந்த உயரத்தில் இன்னொன்று இருக்கு. இரவுக் குளிரில் தகட்டின் அடிப்பக்கம் வியர்க்கும், விடிகாலையில் மெத்தை மேல் சொட்டும். கூரை ஒழுகுது என்று சிலிக்கன் பூசிக்கொண்டே இருப்பார்கள், ஒழுகுவது மேலிருந்து இல்லை. சிலாகைக்கு மேல் தகட்டுக்குக் கீழ் அலுமினியப் படலம் விரிக்க வேண்டும். சிலாகைகளுக்கு நடுவில் ஓர் அங்குலம் தொய்வு இருக்கட்டும், கீழ்நுனி பீலிக்குள் விழ வேண்டும். சுவருக்குள் முடித்தால் சொட்டெல்லாம் சுவர் வளைக்குத்தான் போகும், அது உளுத்துப் போகும். விறகடுப்பு இருந்தால் குசினிக்குப் புகைபோக்கி தனியாக. புகையும் ஈரமும் தகட்டின் அடியை அரிக்கும். மேலே பளபளவென்றிருக்கும் தகடு அடுப்புக்கு நேரே முதலில் ஓட்டையாவது அதனால்தான்.

ஊவாக்காற்று
தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீட்டாதீர்கள். முன்விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் தொடர்ச்சியாகப் போடாமல் தனியாக, ஒரு சாண் கீழே போடுங்கள். அது பிய்ந்தால் அதோடு போகும். சரிவு 20 பாகைக்குக் குறைய வேண்டாம். தட்டையாகப் போனால் உறிஞ்சல் கூடும்.

பீலித் தண்ணீரைச் சரிவுக்கு மேல் விடாதீர்கள். 100 மி.மீ. மழைக்கு உங்கள் கூரையிலிருந்து 6,000 லீட்டர் இறங்கும். அதை வீட்டுக்குப் பின் மண்வெட்டில் ஊற்றினால் கூரை நிற்கும், மண் நிற்காது. குழாய் வழியே கொங்கிரீட் கானுக்கு. பின்சரிவில் வெடிப்பு தெரிந்தால் கூரை வேலையை நிறுத்திவிட்டு முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

மேல்பிரிவு
அப்படியென்றால் பெல்ட், பட்டி, புதுச் சிலாகை, பிறகு 0.47. வேலையை மார்ச்சில் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். முகட்டுத் தகட்டு மூட்டுக்கு வீட்டில் மிச்சமிருக்கும் சிலிக்கன் போதுமா?

மஸ்கெலியா மேசன்
மார்ச் சரி. சித்திரை வந்தால் பின்னேர இடிமழை, திறந்த கூரைக்கு ஆகாது. ஒரு பக்கத்தை முடித்து முகட்டை மூடிவிட்டுத்தான் மறு பக்கத்தைக் கழற்ற வேண்டும். 14 அடித் தகட்டைக் காற்று நாளில் இரண்டு பேர் தூக்கி ஏணியில் ஏற வேண்டாம். லொறி மேட்டுக்கு வராவிட்டால் சுமந்து வரும் வழியிலேயே ஓரம் மடங்கும், நான்கு பேர் வையுங்கள்.

சிலிக்கனைக் கொஞ்சம் பிதுக்கி முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை அடித்தால் ஜன்னல் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தகட்டில் பட்டால் அந்தப் புளிப்பு பூச்சைத் தின்னும். நியூட்ரல் கியூர் என்று எழுதிய குழாய் வாங்குங்கள், 3 போதும். பூசுவதற்கு முன் துளைத்த இரும்புத் தூளை அன்றன்றைக்கே மென்மையான தும்புத்தடியால் கூட்டி இறக்கிவிடுங்கள், ஓர் இரவு கிடந்தாலும் துருக்கறை பிடிக்கும்.